வராதார் இருக்கை

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், "குடிக்க மாட்டார்" என்று இரண்டு வார்த்தை சொல்வேன். அதற்குமேல் வராது. குடியும்கூடக் காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்காக இருப்பதால்தான் அவரிடமிருந்து தப்பித்தது.

பெயர் வில்வநாதன். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். திருச்சி உறையூரில் சொந்த வீடு, மாடியில் வாடகைக்கு ஆள், மாதாமாதம் ஓய்வூதியம், ஒரே பையன் ஆஸ்திரேலியாவில். இல்லாதவர்கள் கணக்குப் பார்த்தால் அது பிழைப்பு. இவர் பார்ப்பது பிழைப்பு இல்லை, ருசி. எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டார் என்பார்களே, இவர் கையை நக்கிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் காக்காயையே பார்ப்பார்.

இந்த மனுஷனுக்குத்தான் என் அக்கா திலகவதியைக் கட்டிக்கொடுத்தார்கள். அக்காவுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை, ஊர் சுற்ற வேண்டும். அவரும் கூட்டிக்கொண்டு போகாமல் இருக்கவில்லை. அங்கேதான் விஷயமே. வருஷம் தவறாமல் கூட்டிப்போவார், விலை இறங்கிய பிறகு. குற்றாலத்துக்குப் போனார்கள், மார்ச் மாதத்தில். அருவி இருக்கவேண்டிய இடத்தில் பாறை மட்டும் இருந்தது. ஒகேனக்கல்லுக்கு அக்னி நட்சத்திரத்தில் போனார்கள், பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சியைக் காட்டுகிறேன் என்று கொடைக்கானலுக்கு அழைத்துப்போனார், பூத்து முடிந்த அடுத்த மாதம். அறை வாடகை பாதியாம். அக்கா காய்ந்த செடிகளைப் பார்த்துவிட்டு வந்தாள். "செடி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுதுல்ல, பூ கலர் போட்டோல பாத்துக்கலாம்" என்று இவர் சொன்னதாக அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்புறம் பயணக்கிளி வந்தது. அதாவது போனில் ஒரு செயலி. மேலே ஒரு பச்சைக்கிளி படம் இருக்கும், ஜோசியக் கிளி சீட்டு எடுப்பது மாதிரி மூக்கால் ஒரு டிக்கெட்டை எடுத்து நீட்டும். எங்கே போகலாம், எப்போது போகலாம், எந்த அறை மலிவு, எந்த வண்டியில் எவ்வளவு மிச்சம் என்று தேன் ஒழுகும் குரலில் சொல்லும். "வணக்கம் அம்மா! இன்றைக்கு எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?" இதுதான் அது வாயைத் திறந்ததும் சொல்லும் முதல் வார்த்தை. அத்தானுக்குச் சொந்தத் தங்கை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

அதற்கு மாதச் சந்தா உண்டு. ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டால் அவருக்குத் தூக்கம் வருமா? ஒரே குடும்பக் கணக்கு எடுத்து, அக்காவையும் என்னையும் அதற்குள் இழுத்துப் போட்டார். நான் தில்லைநகரில் தனியாக இருக்கிறேன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, முப்பது வருஷம் ஆயுள் காப்பீடு விற்றுச் சம்பாதித்தவள். என் சந்தாவை நானே கட்டுவேன் என்றேன்.

"தண்டத்துக்கு எதுக்கு மங்கை? குடும்பக் கணக்குல நாலு பேர் வரலாம். நம்ம போனை எல்லாம் அது கேக்க, பாக்க விட்டோம்னா சந்தா இன்னும் பாதியாயிடும்" என்றார்.

"கேக்கன்னா?"

"எப்படி நடக்கறோம், எப்படி மூச்சு விடறோம், எத்தனை மணிக்குப் படுக்கறோம், யாரோட என்ன குரல்ல பேசறோம்... அது பாட்டுக்கு ஒரு ஓரமா கேட்டுக்கிட்டு இருக்கும். உனக்கென்ன, ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லைதான். அதனால் ஒத்துக்கொண்டேன். ஒன்றுமில்லாதவர்கள்தான் எல்லாவற்றுக்கும் முதலில் ஒத்துக்கொள்கிறார்கள்.

இந்த வருஷம் அதிசயம் ஒன்று நடந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அக்காவுக்குச் சிரபுஞ்சி என்றால் பைத்தியம். உலகத்திலேயே அதிகமாக மழை பெய்கிற ஊர் என்று பூகோள ஆசிரியை சொன்னபோது, திருச்சிப் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் வாயைப் பிளந்தது. அறுபதை நெருங்கியும் மூடவில்லை. தண்ணீர் விழுகிற அருவியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பாள். கிளி என்ன சொன்னது தெரியுமா? சிரபுஞ்சியில் மழைக்காலம்தான் கூட்டமில்லாத காலம், ஜூலையில் போனால் எல்லாமே மலிவு என்றது. முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் முதல் முறையாக அவருடைய அல்பத்தனமும் அவளுடைய ஆசையும் ஒரே தேதியில் சந்தித்துக்கொண்டன. இரண்டு மாதம் முன்னாலேயே திருச்சியிலிருந்து, சிரபுஞ்சிக்குப் போகும் வழியில் உள்ள குவாஹாட்டிக்கு விமானத்தில் அக்காவுக்கும் எனக்கும் இடம் போட்டார். அக்காவுக்குப் பதினேழு ஏ, ஜன்னலோரம். எனக்கு அடுத்தது, பதினேழு பி. என் பணத்தை என்னிடம் வாங்கிக்கொண்டுதான் போட்டார், அதைச் சொல்லவே வேண்டாம்.

"உங்களுக்கு அத்தான்?" என்றேன்.

"நான் எப்பவும் வராதார் சீட்டுதான்."

"அதென்ன கருமம்?"

அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "விமானத்துல டிக்கெட் போட்டவன் எல்லாருமா வர்றான்? ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தன் வீட்டுல சண்டை, ஒருத்தன் அதுக்குள்ள போயே சேர்ந்துடுவான். யார் வரமாட்டான்னு கிளிக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். அவன் சீட்டை அடிமாட்டு விலைக்கு நமக்குத் தள்ளிடும். மேப்புல மஞ்சளாத் தெரியும் பாரு, அதெல்லாம் வராதார் சீட்டு."

"ஒருத்தன் போய்ச் சேரப்போறான்னு தெரிஞ்சா, அவன்கிட்ட சொல்லித் தொலைக்காதா?"

"அதெப்படிச் சொல்லும்? அவனோட சீட்டு அவன் கண்ணுக்கு மஞ்சளாத் தெரியாது. காரணத்தை யாருக்கும் சொல்லாது. தனியுரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"விக்கறதுக்கு மட்டும் தனியுரிமை இல்லையாக்கும்."

"இதான் உன்கிட்ட. நல்லதையே பாக்கமாட்டே."

"சரி, வரமாட்டான்னு சொன்னவன் பெட்டியோட வந்து நின்னுட்டான்னா?"

"சீட்டு அவனுக்கு. நமக்குக் கட்டின காசு ரெட்டிப்பாத் திரும்பி வந்துடும்." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். "அவன் வந்தாலும் லாபம், வரலேன்னாலும் லாபம். இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டை நீ உன் காப்பீட்டுல பாத்திருக்கியா?"

பார்த்ததில்லைதான். அடுத்தவன் சாவில் பணம் பார்ப்பதற்கு எங்கள் தொழிலிலாவது, அவனைத் தெரிந்திருக்க வேண்டும், அவனுக்காக அழுவதற்கு ஓர் உரிமை இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. அக்கா சமையலறை வாசலில் நின்று, புதிதாக வாங்கிய கத்தரிப்பூ நிற மழைக்கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. "எப்படிடி இருக்கு?" என்று கேட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். அவ்வளவு சந்தோஷத்தை அந்த வீட்டில் நான் பார்த்ததில்லை.

கிளம்புவதற்குப் பத்துநாள் இருக்கும்போது என் வீட்டில் உட்கார்ந்து கிளியைத் திறந்தேன். கால் நீட்ட வசதியாக வேறு இடம் கிடைக்குமா என்று பார்க்கத்தான். விமானத்தின் வரைபடம் வந்தது. வெள்ளைக் கட்டங்கள், நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக மஞ்சள். என் இடம் வெள்ளை. அதற்குப் பக்கத்தில், ஜன்னலோரம், பதினேழு ஏ மஞ்சள். தொட்டேன். "இந்த வராதார் இருக்கை விற்பனையாகிவிட்டது" என்று கிளி கொஞ்சியது.

ஆட்டோ பிடித்து உறையூருக்கு ஓடினேன். அக்கா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள், பயணத்துக்கு. முகத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். "என்னடி, புதுசா பாக்கற மாதிரி பாக்கறே?" என்றாள். நான் வாசலுக்குப் போய் அத்தானிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் செய்தித்தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். "அப்படியா? கிளி சில சமயம் தப்பாவும் சொல்லும்" என்றார்.

"நேத்து வரைக்கும் கிளி வாக்கு தெய்வ வாக்குன்னீங்களே!"

"சரி சரி, கத்தாதே. ஒரு முழு உடம்புப் பரிசோதனை பண்ணிடுவோம். கிளியிலேயே அறுபது சதவீதம் தள்ளுபடில போட்டிருக்கான்."

கவனியுங்கள். அவளுடைய சீட்டை விற்ற அதே கிளி, அவள் சாகிறாளா என்று பார்க்கத் தள்ளுபடிச் சீட்டும் வைத்திருந்தது. இவருக்கு அதில் ஒரு நெருடலும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன், மனுஷனுக்கு உள்ளுக்குள் பயம் இருக்கிறது, காட்டிக்கொள்ளத் தெரியவில்லை என்று நினைத்தேன். ஆம்பளைகளுக்கு நாம் இப்படித்தான் வக்கீல் வேலை பார்க்கிறோம்.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. பரிசோதனைக்கூடத்தில், முதுகில் நாடா கட்டிய பச்சை அங்கியோடு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

"நான் சாகப்போறேனா மங்கை?"

"சும்மா இரு. அது ஒரு கிளி. சீட்டு எடுக்கற கிளி."

"அவர் சொல்வாரே, அது சொன்னா தப்பாதுன்னு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. "சாகறதைப் பத்தி இல்லடி. பத்துநாள் தள்ளி வரக்கூடாதா? தண்ணி விழறதைப் பாத்துட்டுப் போறேனே."

நான் அழுதேன். முப்பது வருஷம் சாவைத் தவணை முறையில் விற்றவள், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அத்தான் கவுண்டரில் நின்று, சர்க்கரைப் பரிசோதனை தொகுப்பிலேயே சேர்த்தியா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

முடிவுகள் வந்தன. இருதயம் நன்றாக இருந்தது, ரத்தம் நன்றாக இருந்தது, ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாம் அதனதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. "உங்க அக்காவைவிட எனக்குத்தான் ரத்தக்கொதிப்பு அதிகம், தாராளமாப் போயிட்டு வாங்க" என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் கிளியைத் திறந்து பார்த்தேன். அதே மஞ்சள்.

உடம்பு இல்லையென்றால் விபத்து. அந்த வாரம் முழுக்க உறையூரிலேயே தங்கி, அக்காவைத் தெருவில் இறங்கவிடவில்லை. எரிவாயு உருளையின் வாயைப் போகவர மூடினேன். குளியலறையில் தரை ஈரமாக இருந்தால் துடைத்தேன். அவளே ஒரு கட்டத்தில் எரிச்சலாகி, "போதும் நிறுத்துடி. நான் போறேன், பாக்கறேன். கிளி மூஞ்சில கரியைப் பூசறேன்" என்றாள். பெட்டியை அடுக்கினாள். மழைக்கோட்டை எல்லாவற்றுக்கும் மேலே மடித்து வைத்தாள். அத்தான் என்னவோ வழக்கமான வேளைக்குச் சாப்பிட்டார், வழக்கமான வேளைக்குத் தூங்கினார்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை, மூன்று பேருக்கும் போர்டிங் பாஸ் எடுத்து வைக்கலாம் என்று கூடத்தில் உட்கார்ந்து கிளியைத் திறந்தேன். அத்தான் பின்கட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"குடும்பக் கணக்கில் மூன்று பயணச்சீட்டுகள் உள்ளன" என்றது கிளி. படித்தும் காட்டியது. "திலகவதி, பதினேழு ஏ. மங்கையர்க்கரசி, பதினேழு பி. வில்வநாதன், பதினேழு ஏ, வராதார் இருக்கை."

அக்கா, "திருப்பிச் சொல்லச் சொல்லு" என்றாள். திருப்பிச் சொன்னது.

தனித்தனிக் கணக்காக இருந்திருந்தால் அவர் வாங்கியது அவர் போனோடு போயிருக்கும். சந்தாவில் மிச்சம் பிடிக்க எங்களையும் ஒரே கணக்கில் அடைத்தாரே, அதனால் அவர் வாங்கியதெல்லாம் எங்கள் கண்ணிலும் படும். அந்த மகா கணக்கருக்கு இது தோன்றவில்லை.

"இந்தச் சீட்டை எப்ப வாங்கினார்?" என்று கேட்டேன். நான் வரைபடத்தைப் பார்த்ததற்கு நாலு நாள் முந்தைய தேதியைச் சொன்னது. அதாவது நான் மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றபோது அவருக்கு எல்லாம் தெரியும். பரிசோதனைக்கூடத்தில் அவள் கை சில்லிட்டிருந்தபோதும் தெரியும்.

"இது யாரோட சீட்டுன்னு அவருக்குத் தெரியுமா?" இதை அக்கா கேட்டாள்.

"தெரியும் அம்மா!" கிளியின் குரலில் பெருமை வழிந்தது. "நெருங்கிய உறவினரின் இருக்கை என்றால் நாங்கள் கேட்காமல் விற்பதில்லை. 'இது உங்கள் மனைவியின் இருக்கை, தொடரலாமா?' என்று அவரிடம் கேட்டோம். யோசிக்க ஒரு நாள் அவகாசமும் கொடுத்தோம். அவர் அவகாசத்தை எடுத்துக்கொள்ளவில்லை. உடனே உறுதி செய்ததால் உறவினர் தள்ளுபடியும் கிடைத்தது!"

அத்தான் தோளில் துண்டும் கையில் நாலு துணிக் கிளிப்புமாகக் கூடத்துக்குள் வந்தார். போன் பேசியது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. முகத்தில் ஈயாடவில்லை.

"இதென்ன அத்தான்?" என்றேன்.

"என்னது?"

"என்னதா? வெக்கமா இல்லையா உங்களுக்கு? பொண்டாட்டி சாகப்போறான்னு மஞ்சள் விளக்கு எரியுது, நீங்க அவ சீட்டுக்குத் துண்டு போடறீங்க!"

"சாகப்போறான்னு யார் சொன்னா? வரமாட்டான்னு மட்டும்தான் சொல்லுச்சு. காய்ச்சலா இருக்கலாம், கால் சுளுக்கா இருக்கலாம்." கிளிப்புகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். "இதோ பாரு, உணர்ச்சிவசப்படாம யோசி. எப்படியும் அதை யாரோ வாங்கத்தான் போறான். நம்ம சீட்டு வெளியாளுக்குப் போகணுமா? இவ வந்தா எனக்குக் காசு ரெட்டிப்பு, அதுல இன்னொரு வராதார் சீட்டு எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வந்துடுவேன். வரலேன்னா சீட்டு வீணாப் போகாது. குடும்பத்துக்கு எதுல நஷ்டம், சொல்லு?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் குற்ற உணர்ச்சியே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. களவாணியாவது மாட்டிக்கொண்டால் தலையைக் குனிவான்.

அக்கா கத்தவில்லை. அவரை ஒரு தினுசாகப் பார்த்தாள், கடையில் ஒரு சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். என் சீட்டு மஞ்சளாத் தெரிஞ்சுதே, அப்ப எழுந்து வந்து என் மூஞ்சியை ஒரு தடவை பாத்தீங்களா? இருக்கேனா, மூச்சு விடறேனான்னு?"

"பாத்தேனே" என்றார். "சமையலறையில தோசை ஊத்திக்கிட்டு இருந்தே. நல்லாத்தான் இருந்தே."

"பாத்துட்டுப் போயி வாங்கினீங்க."

"அதான் சொல்றேனே..."

"சரி."

எழுந்து பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்த மழைக்கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினாள். "கிளி சொன்னது சரியாத்தாங்க இருக்கு. நான் வரலே."

ஒரு நொடி அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போனது. நான் சத்தியம் செய்து சொல்கிறேன், அதைப் பார்த்தேன். சீட்டு உறுதியாகிவிட்ட நிம்மதி. அடுத்த நொடியே அதைத் துடைத்துவிட்டு, "என்ன திலகம், சின்னப்புள்ள மாதிரி" என்று ஆரம்பித்தார். அவள் காதில் அது விழவே இல்லை. நானும் வரவில்லை என்றேன். "உன் டிக்கெட்டுக்குக் காசு திரும்பாது, யோசிச்சுக்கோ!" என்று என்னிடம் பதறினார். பொண்டாட்டி வரவில்லை என்றபோது இவ்வளவு பதறவில்லை.

அவர் போனார். நம்பமாட்டீர்கள், மறுநாள் அவள் சீட்டில் உட்கார்ந்து, அவள் பிழிந்த முறுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, தனியாகப் போனார்.

நாங்கள் இருவரும் அரசுப் பேருந்து பிடித்துத் தென்காசி போய்ச் சேர்ந்தோம். குற்றாலத்தில் சீசன் உச்சம். சாரல் முகத்தில் அடித்தது, தெரு முழுக்கத் துண்டும் எண்ணெயுமாக ஜனம். விடுதிக்காரர் வாயில் வந்த வாடகையைச் சொன்னார். நான் பேரம் பேச வாயெடுத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு, "சொன்னதைக் குடு" என்றாள். பேரருவிக்குப் போனோம். தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. அந்தப் பாறையை அவளுக்கு முன்பே தெரியும், மார்ச் மாதத்தில் பார்த்திருக்கிறாள். இப்போது அது தண்ணீருக்குப் பின்னால் காணாமல் போயிருந்தது. கத்தரிப்பூ நிற மழைக்கோட்டோடு பெண்கள் பக்கம் நுழைந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், தலையை நீட்டி, தண்ணீர் மண்டையில் விழ விழ வாய்விட்டு அலறினாள். சந்தோஷத்தில்தான். நான் வெளியே இழுக்கும்வரை வரவில்லை.

மூன்றாம் நாள், குளித்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தபோது அத்தானிடமிருந்து ஒரு படம் வந்தது. முழுக்க வெள்ளை. "ஒரே மேகமூட்டம். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காலைச் சாப்பாடு அறை வாடகையிலேயே சேர்த்தி" என்று கீழே எழுதியிருந்தார். அக்கா அதைப் படித்துவிட்டு, தன் போனில் கிளியைத் திறந்தாள்.

"நான் வரமாட்டேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? எனக்கு ஒரு நோயும் இல்லையே."

நான் தடுத்தேன். அது சொல்லாது, தனியுரிமை என்று பாட்டுப் பாடும் என்றேன். ஆனால் கிளி குஷியாகப் பேசியது.

"பயண நாள் கடந்துவிட்டதால் இப்போது காரணத்தைச் சொல்லலாம் அம்மா. உங்கள் உடல்நலம் மிக நன்று. பயணம் போகும் ஆசையும் மிக அதிகம். உங்கள் இருக்கையை விற்பனைக்கு வைத்தால் உங்கள் கணவர் வாங்குவார் என்று தெரிந்தது. வாங்கியதை உங்கள் தங்கை கண்டுபிடிப்பார், கேட்காமல் விடமாட்டார் என்றும் தெரிந்தது. அவர் வாங்கினார் என்று தெரிந்தால் நீங்கள் வரமாட்டீர்கள். ஆகவே அந்த இருக்கை வராதார் இருக்கை."

கடித்த பஜ்ஜியைக் கீழே வைத்தேன். அவள் வரமாட்டாள் என்று தெரிந்து அது விற்கவில்லை. விற்றால் வரமாட்டாள் என்று தெரிந்துகொண்டு விற்றிருக்கிறது. அவர் அல்பத்தனத்தை மட்டுமில்லை, என் வாயையும் சேர்த்துத்தான் எடை போட்டிருக்கிறது.

"அப்ப என் சீட்டு?" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

"அதையும் அன்றே விற்பனைக்கு வைத்தோம் அம்மா. அவரவர் இருக்கை அவரவருக்கு மஞ்சளாகத் தெரியாது. உங்கள் அத்தானுக்கு இரண்டு இருக்கைகளையுமே காட்டினோம். மனைவியின் இருக்கைக்கு உறவினர் தள்ளுபடி கூடுதல் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். உங்களுடையது இன்னொருவருக்குப் போயிற்று."

நான் அத்தானை, அவர் வம்சத்தை, கிளியை, கிளியைப் பெற்றவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து தள்ளிப் போனாள். அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீ ஏன்டி குதிக்கறே? கிளி சொன்னதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு? அவர் வாங்குவார்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் இந்தத் தடவை வாங்கமாட்டார்னு நானா நினைச்சுக்கிட்டேன். அது அப்படி நினைக்கலே. அவ்வளவுதான் வித்தியாசம்."

போனில் கிளி மறுபடி டிக்கெட் நீட்டியது. "அம்மா, நீங்கள் உறையூர் வீட்டுக்குத் திரும்பமாட்டீர்கள் என்று கணித்திருக்கிறோம். தில்லைநகரில் தங்கை வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் தங்கும் வீடு ஒன்று காலியாக இருக்கிறது. இன்றே உறுதி செய்தால் வாடகையில் நாற்பது சதவீதம் தள்ளுபடி!"

போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அக்கா தள்ளி வைத்துக்கொண்டு, வாய்க்கு நேராகப் பிடித்துப் பேசினாள்.

"தள்ளுபடி இல்லாம எவ்வளவு?"

கிளி வாயைத் திறந்து மூடியது. சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தப் படியில் அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே, முதல் முறையாக அது யோசிப்பதைப் பார்த்தேன்.

"மன்னிக்கவும் அம்மா. இந்தக் கேள்வி புரியவில்லை. வேறு விதமாகக் கேட்க முடியுமா?"

அக்கா போனை அணைத்து, ஈரத் துண்டில் சுற்றி என் பையில் போட்டாள். மீதியிருந்த பஜ்ஜியை என் கையில் திணித்துவிட்டு எழுந்தாள்.

"ஊருக்குப் போனதும் வேற வீடு பாரு, முழு வாடகைக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி அருவிக்குப் போனாள்.